டிரைவர் அண்ணனின் சாக்ஸ்

அன்புள்ள மனைவிக்கு,

நீயும் அம்மாவும் சின்னவளும் சுகம்தானே? நான் நலம். இந்தத் தடவை அதை ஒப்புக்கு எழுதவில்லை.

போன மாதம் வெறும் சளிக்காய்ச்சல் என்று போனில் சொன்னேனே, அது கொஞ்சம் ஆளைப் படுக்கப் போட்டுவிட்டது. போகிற போக்கில் மூக்கின் மோப்பத்தையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சலவைக்கூடத்தில் மலைபோல அழுக்குத் துணி. "உனக்கென்னப்பா, குடுத்து வச்சவன்," என்று கூட இருப்பவர்கள் பொறாமைப்பட்டார்கள்.

நேற்று காலை கண் விழித்ததும் ஏதோ நாறியது. பக்கத்துக் கட்டில் டிரைவர் அண்ணன் தன் சாக்ஸை என் தலைமாட்டில் காயப்போட்டிருந்தார். அதை எடுத்து இன்னொரு முறை மோந்து பார்த்தேன்.

"காய்ச்சல் மூளைக்கு ஏறிடுச்சா தம்பி?"

"நாறுதுண்ணே. நல்லாவே நாறுது."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு டீ, சோப்பு, இஸ்திரிப் பெட்டி பட்ட ஈரத்துணி என்று ஒவ்வொன்றாக வந்து என்னை நலம் விசாரித்தன. வேலை ஓடியதே தெரியவில்லை.

அண்ணனின் மச்சான் அடுத்த வாரம் இங்கே வருகிறார். அவரிடம் இரண்டு பனியனும் என் பழைய கண்ணாடியும் கொடுத்தனுப்பு. இடமிருந்தால் உன் தலையணை உறையும்.

வேன் வந்துவிட்டது. ஊர்த் துணியெல்லாம் வெளுக்கிறவன் சொல்கிறேன், அந்த உறையை மட்டும் துவைத்துவிடாதே.

உன்னவன்