செல்லையா வீட்டுக் கட்டிச்சம்பா

என் ஆசைத் தங்கம் மைனிக்கு,

உங்கள் நாத்தனார் பகவதி எழுதுகிறேன். நீங்கள் இருந்தவரை உங்களுக்குக் கடிதம் எழுதும் தேவையே வந்ததில்லை. அடுக்களை வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும், ஈரக் கையோடு வந்துவிடுவீர்கள். இப்போது சொல்ல ஊர்ப்பட்ட சமாசாரம் கிடக்கிறது. குரல் கொடுத்தால் வரத்தான் ஆளில்லை.

முதலில் நல்ல செய்தி. உங்கள் விதைமுறியைப் பூட்டிப் போடவில்லை. சாவி இப்போது என் இடுப்பில் இருக்கிறது. பூட்டிக் கிடந்த அந்தப் பழைய உரக்கடை அறையைக் கேட்டு வாங்கி, பானையும் டிரம்முமாக நீங்கள் விதைநெல்லைச் சேர்க்கத் தொடங்கியபோது ஊரில் சிரிக்காதவர்கள் யார்? கடையில் மூடை மூடையாகக் கிடைப்பதை இவள் எதற்குப் பானையில் போட்டுப் பொத்திப் பொத்தி வைக்கிறாள் என்றார்கள். நீங்கள் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. அணைத் தண்ணீர் பிந்தினால் விதைக்கச் சீக்கிரம் விளைகிற நெல், மழை கொட்டித் தீர்த்தால் பள்ள வயலுக்கு நெட்டைக் கட்டிச்சம்பா, மேட்டுக்கு வேறொன்று என்று சேர்த்துக்கொண்டே போனீர்கள். மழை மாசம் பார்த்துப் பெய்த காலம் போச்சு, இனி நாலு வகை கையில் இருந்தால்தான் ஒன்றாவது தேறும் என்பீர்கள். ஒரு மரக்கால் விதை வாங்கினால் அறுப்பு முடிந்து இரண்டாகத் திருப்பித் தர வேண்டும். வாங்கச் சொந்தக்காரரையோ கூலிக்காரரையோ அனுப்பக் கூடாது, வயல்காரரே நேரில் வந்து தன் துண்டில் ஏந்தித்தான் வாங்க வேண்டும். இந்தச் சட்டமெல்லாம் நீங்கள் போட்டதுதான்.

இனிச் சொல்லப்போவதைக் கேட்டு அண்ணனிடம் கோபப்படக் கூடாது, மைனி.

நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பு விதைமுறிக் கூரை ஒழுகியது ஞாபகம் இருக்கிறதா? கட்டிச்சம்பா விதையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து பத்தாயத்தில் கொட்டி வைத்தீர்கள். அது விதை என்று அண்ணனிடம் சொல்ல உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. உங்கள் பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு ஊரையே சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். அவளுக்குப் பிடித்த அரிசியிலேயே சோறு போட வேண்டும் என்று அண்ணன் பத்தாயத்தைத் திறந்து, அத்தனையையும் அவித்து, காயவைத்து, மில்லுக்குக் கொண்டுபோய்விட்டான். உங்கள் மேல் வைத்த பிரியத்தில் செய்த காரியம். வந்தவர்கள் எல்லாரும் சோற்றைப் புகழ்ந்தார்கள். நானும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

கும்பப்பூப் போகத்து விதைப்பில்தான் விஷயம் வெளியே வந்தது. நாற்று முளைத்து விரலளவு எழும்பியிருந்தபோது பெய்யத் தொடங்கிய மழை விடவே இல்லை. பள்ள வயல்களில் நாற்றங்கால் எல்லாம் தண்ணீருக்குள் கிடந்து அழுகிவிட்டது, நம்முடையதும்தான். வெள்ளம் வடிந்த மறுநாள் விதைமுறி வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். முன்பு சிரித்தவர்களே கட்டிச்சம்பா கேட்டார்கள். டிரம்மைத் திறந்தால் அடியில் காய்ந்த வேப்பிலை மட்டும் கிடந்தது. அண்ணனிடம் ஓடிப்போய்க் கேட்டேன். அவன் காலிப் பத்தாயத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"அவ வித்த நானே அவிச்சுப் போட்டேனே மக்கா" என்றான்.

அன்றிலிருந்து அவன் சோற்றில் கை வைக்கவில்லை. மரச்சீனிக் கிழங்கைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். அந்த விதை போனால் இந்தப் போகம் பள்ள வயல் தரிசு, உங்கள் இத்தனை வருஷப் பாடும் அதோடு சரி. எனக்கு உங்கள் மேலேயே எரிச்சல் வந்தது. இவ்வளவு யோசிக்கிற மனுஷி, இதை யோசிக்காமல் போனாளே என்று பத்தாயத்துக்கு முன்னால் நின்று அழுதேன்.

அப்போதுதான் கால்வாய்க்கு அக்கரையில் ஒரே ஒரு நாற்றங்கால் பச்சையாக நிற்கிறது என்று தெரிந்தது. செல்லையா அண்ணாச்சியுடையது. மடை திறக்கிற தகராறில் நம் வீட்டோடு பேச்சை முறித்துக்கொண்ட அதே செல்லையா. உங்கள் சாவுக்குக்கூட வராதவர். வேறு வழியில்லாமல் போனேன். அவர் முற்றத்துக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"உங்க மைனி தந்த கட்டிச்சம்பா வித்துதான், கேட்டியா. வருசா வருசம் வந்து பழசுக்குப் புது வித்து மாத்தித் தருவா. உங்க அண்ணன்கிட்ட மூச்சு விடப்பிடாதுண்ணு சத்தியம் வேற வாங்கியிருக்கா."

மைனி போயும் போயும் உங்களிடம் எதற்குக் கொடுத்தாள் என்று அவரிடம் கேட்டேன்.

"நானும் அதத்தான் கேட்டேன். எந்த வித்தும் மூணு வீட்டுல கெடக்கணுமாம். சொந்தக்காரன் எல்லாம் ஒரே மடைத் தண்ணியில கெடப்பான், வெள்ளம் வந்தா மொத்தமாப் போவும், சண்டக்காரன் வீட்டுல ஒரு பங்கு கெடக்கட்டும்ணு சொன்னா."

மைனி, எனக்கு அங்கேயே உங்கள் காலில் விழ வேண்டும் போல இருந்தது. எங்கள் பகையைக்கூட ஒரு பத்தாயமாக வைத்திருந்தீர்களே!

விதைத்தது போக மிச்சம் வைத்திருந்த விதையை அவர் என்னிடம் தரவில்லை. தங்கம் போட்ட முறைப்படி வயல்காரன் வரட்டும் என்று சொல்லிவிட்டார். அண்ணன் வர மாட்டான் என்றுதான் நினைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து முகம் கழுவி, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். மற்ற பள்ள வயல்காரர்களும் பின்னால் வந்தார்கள். அண்ணன் துண்டை ஏந்தி நின்றான், அவர் மரக்காலால் அளந்து போட்டார். கடைசி மரக்கால் விழுந்ததும் அண்ணன் வாயைத் திறந்தான்.

"நான் அவிச்சுப் போட்டேன் செல்லையா."

"தெரியும். ஊரே தின்னுச்சு, நான்தான் வரல்ல" என்றார் அவர். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கார்த்திகையில் இன்னொரு பெருமழை பெய்தது. பயிர் இடுப்பளவு தண்ணீரில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இப்போது கதிர் வாங்கிவிட்டது. அண்ணன் பொழுதன்றைக்கும் வரப்பில்தான் கிடக்கிறான். அவனும் செல்லையா அண்ணாச்சியும் இன்னும் பேசிக்கொள்வதில்லை, ஆனால் மடை திறக்கும் முன்பு ஒருவருக்கொருவர் ஆள் விட்டுச் சொல்லிக்கொள்கிறார்கள். அதற்கு மேல் நீங்களும் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள், இல்லையா?

அறுப்பு முடிந்ததும் விதை பிரிப்பேன். ஒரு பங்கு விதைமுறிக்கு. ஒரு பங்கு செல்லையா வீட்டுக்கு, அதை அண்ணனே சுமந்து கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறான். மூன்றாவது பங்கை எந்த வீட்டில் வைக்கப்போகிறேன் என்று யாரிடமும் மூச்சு விட மாட்டேன், அண்ணனிடமும்தான். இது சத்தியம் மைனி.

உங்களுக்குப் பிறகும் உங்கள் நாத்தனாராகவே இருக்கிற,
பகவதி