பிடுங்கிய ஆணிகள்

சொந்தக் கடைக்குள் நுழையும்போதும் செருப்பை வாசலில் கழற்றிவிடும் என் அப்பாவுக்கு,

நீங்கள் கண்மூடிய பிறகு ஜவுளிக்கடையை நான்தான் நடத்துகிறேன். புதுக்கோட்டையில் இப்போது கெஜம் செல்லாது, அப்பா. துணியை மீட்டரில்தான் அளக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. கெஜத்தைவிட மீட்டர் நாலு விரல் கூடுதல், அவ்வளவுதான். அந்த நாலு விரலுக்காக நம் கடை ஆட்கள் நாலு பேரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

முடியாது என்று யாரும் சொல்லவில்லை. விராலிமலைக்காரர் ஒருவர் சட்டைத்துணி கேட்டால், "எத்தனை மீட்டருன்னு டில்லியக் கேட்டுட்டு வாங்க" என்று ஒருவர் கேலி பேசுவார், மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் கல்லாவில் குனிந்துகொள்வேன்.

சவரிமுத்து அண்ணன் மட்டும் சிரிக்கமாட்டார். நீங்கள் கடை திறந்ததிலிருந்து இருப்பவர். எனக்கு நாற்பது தாண்டியும் 'பாப்பா' என்றே கூப்பிடுவார். மீட்டர் என்று வாய்விட்டுச் சொல்லி அவர் வெட்டுவதைப் பார்த்து, இவராவது மாறிவிட்டார் என்று நினைத்திருந்தேன்.

போன வாரம் அவருடைய சொந்த ஊரான ஆவூரிலிருந்தே ஒரு அம்மா வந்தார். மாதா கோவிலில் முதல் நற்கருணையாகப் புதுநன்மை வாங்கும் மகளுக்கு உடுப்புத் தைக்க அண்ணனிடம் மூன்று மீட்டர் வெள்ளைத்துணி வாங்கிப்போனவர். ஒரு சாணுக்கு மேல் குறைகிறது என்றாராம் தையல்காரர்.

"நம்மூரு ஆளே இப்படிச் செஞ்சா எப்படிண்ணே?" என்று அவர் கேட்டபோது கடை நிறைய ஆட்கள்.

அண்ணனை வேறொரு துணியை அளந்து காட்டச் சொன்னேன். வாய் மீட்டர் என்று எண்ணியது. கைகளோ, மேசை விளிம்பில் கெஜத்துக்காக நீங்கள் அடித்துவைத்த இரண்டு பித்தளை ஆணிகளுக்குத் தாமாகப் போயின. மீட்டர் கோல் பக்கத்திலேயே கிடந்தது.

அது ஏமாற்று இல்லை, பழக்கம். ஆனால் துணி குறைந்தவரிடம் அதை எப்படிச் சொல்வது? தப்பு கடையுடையது என்று சொல்லி, புதிதாக மூன்று மீட்டர் வெட்டிக் கொடுத்தேன். அந்தக் கையோடு குறடை எடுத்து இரண்டு ஆணிகளையும் பிடுங்கினேன். கூட்டம் கலையும்வரை பொறுத்திருக்கலாமோ?

அண்ணன் கத்திரியைக் கீழே வைத்தார். "என்னையத் திருடன்னு ஊருக்குக் காட்டிட்டீங்க, மொதலாளியம்மா. அந்த ஆணியத் திரும்ப அடிங்க, வேலைக்கு வாரேன்."

என்னை அப்படி அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அன்று போனவர் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமையும் அவர் வராவிட்டால் தாங்களும் இல்லை என்று மற்ற மூவரும் சொல்லிவிட்டார்கள். தை பிறந்தால் கல்யாணக் கூட்டம். நான் ஒருத்தி எத்தனை பேருக்குத் துணி எடுத்துப் போடுவேன்?

நீங்களாக இருந்தால் ஆணியை அடித்துக் கொடுத்திருப்பீர்களா? அன்றிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் முகம் நினைவுக்கு வருகிறது, பதில் வரவில்லை.

நாளை ஞாயிறு. ஆவூருக்குப் போகிறேன். பூசை முடிந்து சனங்கள் கோவில் வாசலுக்கு வரும்போது, துணியைக் குறைத்தது நம் கடை மேசை, சவரிமுத்து அண்ணன் இல்லை என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்வேன். கூட்டத்தில் போன பெயரைக் கூட்டத்தில்தானே திருப்பித் தர முடியும்? அதற்குப் பிறகும் அவர் ஆணியைக் கேட்டால் அடிக்கமாட்டேன். திங்கட்கிழமை தனியாகவே கடையைத் திறந்து, மீட்டரில் வெட்டுவேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்கள் ஒரே மகள்,
அருளம்மாள்