அம்மாவைப் பற்றி ஒரு பக்கம்

8 ஜூலை 1996, திங்கள்

மதுரையிலிருந்து அண்ணன் போன். அம்மா இறந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அடுத்த மாதம் நாலாம் தேதி கோயிலில் நினைவு ஆராதனை. அதற்கு அச்சடிக்க அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பை நான் எழுத வேண்டுமாம்.

"ஒரு பக்கம் போதும் பியூலா. அன்பான தாய், பாசமான ஆச்சி, ஜெபத்துல உறுதியானவங்கன்னு போட்டு முடி. நீ டீச்சர்தான?"

ஊரில் எந்த ஆச்சிக்கும் இதை அடிக்கலாம். பெயரை மாற்றினால் போதும்.

11 ஜூலை

மூன்று தாள் கிழித்தாயிற்று. வரவில்லை.

13 ஜூலை, சனி

எழுதிவிட்டேன். ஒரு பக்கமில்லை, மூன்று பக்கம்.

சீவலப்பேரியில் வீடும் வயலுமாக இருந்தவள் அம்மா, ஞானப்பூ. அண்ணன் மகள் ஸ்டெபிக்குக் காது கேட்காது என்று தெரிந்தபோது பிள்ளைக்கு மூன்று வயது. அண்ணனும் மதினியும் பேங்க் வேலை, டிரான்ஸ்பர் என்று சொல்லிப் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு மதுரைக்குப் போனார்கள். ஐம்பத்தெட்டு வயதில் அம்மா வீட்டைப் பூட்டினாள். பாளையங்கோட்டையில், காது கேளாதோர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒற்றை அறை. வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று பிள்ளை கற்ற சைகையெல்லாம் தானும் கற்றாள்.

கோயிலில் பாதிரியாரின் பிரசங்கத்தை ஸ்டெபிக்குக் கையால் சொல்லுவாள். ஒருத்தர் முகம் சுளித்தார். "ஐயர் வாயால சொல்லுதாரு, நான் கையால சொல்லுதேன். பிரசங்கம் ஒண்ணுதான வே?" என்றாள்.

கடைசி மூன்று மாதம் பக்கவாதம். பேச்சும் வலது கையும் போயின. இடது கையை லேசாக அசைப்பாள். என்னம்மா, தண்ணியா, திரும்பிப் படுக்கணுமா? கண்ணை மூடிக்கொள்வாள். ஸ்டெபி பள்ளிக்கூடம் விட்டு வந்து, பார்த்து, சிலேட்டில் எழுதிக் காட்டுவாள்: 'ஜன்னலைத் திறக்கணுமாம்.'

இதையெல்லாம் எழுதினேன். அண்ணனுக்கும் ஒரு பிரதி தபாலில்.

17 ஜூலை

வண்ணார்பேட்டை பிரஸ்ஸில் புரூப் பார்த்தேன். ஒரே பக்கம். ஸ்டெபி பெயரே இல்லை.

பிரஸ்காரர் பீர் முகம்மது அண்ணாச்சி நெளிந்தார். "உங்க அண்ணன் போன் போட்டு எடுக்கச் சொன்னாரும்மா. நான் என்ன செய்ய?"

எஸ்டிடி பூத்திலிருந்து அண்ணனைக் கூப்பிட்டேன். "ஏட்டி, பிள்ளைய விட்டுட்டுப் போனவன்னு நாலு பேர் முன்னால வாசிக்கப்போறியா?"

"விட்டுட்டுத்தானண்ணே போன?"

வைத்துவிட்டான்.

ஆத்திரமா வருது. அம்மாவோட பன்னிரண்டு வருஷத்தை ஒரே கோட்டுல அடிச்சிட்டானே. இனி யார்கிட்டப் போய் நான் சொல்ல?

20 ஜூலை

அம்மா போனதிலிருந்து ஸ்டெபி என் வீட்டில்தான். புரூபைப் படித்துவிட்டாள். சிலேட்டை எடுக்கவில்லை. தாளை மடித்துத் திருப்பித் தந்தாள்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

அண்ணன் அந்த ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். ஸ்டெபி எழுந்து முன்னால் போனாள். கையால் பேச ஆரம்பித்தாள். ஐந்து நிமிஷம் இருக்கும்.

அண்ணன் என் பக்கம் குனிந்தான். "அவ என்ன சொல்லுதா?"

"தெரியலண்ணே."

அவனைத் திட்டித் திட்டி இந்த நோட்டை நிரப்புகிறேன். நான் மட்டும் என்ன? அரை மைல் தூரத்தில் இருந்துகொண்டு, பன்னிரண்டு வருஷத்தில் நாலு சைகை கற்கவில்லை. அம்மாதான் இருக்காளே என்று இருந்துவிட்டேன்.

5 ஆகஸ்ட்

அண்ணன் அவளை மதுரைக்குக் கூப்பிட்டான். சிலேட்டில் பதில்: 'வரமாட்டேன். அத்தை வீட்டில் இருப்பேன். நீங்க வாங்க.'

மதினி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

21 செப்டம்பர், சனி

பஸ் தாமதம், அண்ணன் வர நாலு மணி. ஸ்டெபியிடம் சைகை கற்க அவன் வரும் மூன்றாவது சனிக்கிழமை இது. போன வாரம் அவன் விரலைத் தப்பாக மடக்கியதும் ஸ்டெபி எழுந்து போய்விட்டாள். இன்று போகவில்லை. விரலைப் பிடித்து இழுத்துச் சரிசெய்தாள், கொஞ்சம் வலிக்கும்படியாகவே. எனக்கு அவனைவிட மோசமாக வருகிறது.

கோயிலில் என்ன சொன்னாள் என்று எழுதித் தரச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். கையால்தான் சொல்லுவாளாம். பையப் பையக் காட்டினாள். முதல் வரி மட்டும் இன்றைக்குப் புரிந்தது.

'ஆச்சி என்னை விட்டுட்டுப் போகலை.'

அண்ணன் அடுத்த வரியைக் காட்டச் சொன்னான்.