ஒயரைப் புடுங்கிட்டியா?

உன் குரங்குக் குல்லாவில் சுற்றித்தான், பேஸ் கிட்டார் சத்தத்தை மாற்ற நீ காலால் மிதிக்கும் அந்தப் பச்சைப் பெடல் என் வீட்டுக்கு வந்தது. குல்லாவில் தைல வாசம் இன்னும் போகவில்லை. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, உன் ஜலதோஷம் மட்டும் வந்து என் மேசையில் உட்கார்ந்துகொண்டது. முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் அழுதேன்.

உன் வீட்டுக்காரம்மா ஸ்டெல்லாதான் கொண்டுவந்து கொடுத்தார். "ஏனுங்க, இதுல சத்தமே வர மாட்டேங்குது. வர்ற ஞாயித்துக்கெழம சர்ச்சுல அவருக்கு வருச ஜெபம். ஜெனி கோயமுத்தூர்ல இருந்து வந்து அவங்கப்பா பேஸ் கிட்டாரை வாசிக்கறேங்கறா. இந்தப் பொட்டி இல்லாம அப்பா சத்தம் வராதுன்னு ஒரே பிடிவாதமுங்க."

உன் மகள் வேறு எப்படி இருப்பாள்?

நீ செய்கிற மாதிரியே செய்தேன். முதலில் பெடலை விட்டுவிட்டு கிட்டாரை நேராக ஆம்ப்ளிஃபையரில் சொருகினேன், சத்தம் வந்தது. ஒயரை மாற்றிப் பார்த்தேன். ஒயரும் நல்ல ஒயர். அப்படியானால் கோளாறு பெட்டிக்குள்தான். நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினால், பேட்டரி ஒழுகி வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. ஒயர் சொருகும் சாக்கெட்டில் பச்சைக் களிம்பு, குன்னூர்ப் பனி எதைத்தான் விட்டு வைத்தது. உள்ளே ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது. துடைத்து, பற்றவைத்து, புது பேட்டரி போட்டு மிதித்தேன். பெடலின் சிவப்பு விளக்கு எரிந்தது. உன் கரகரத்த சத்தம் அப்படியே வந்தது. புதன்கிழமை மத்தியானம் அது. நானே பெரிய இன்ஜினியர் என்ற நினைப்பில், காலால் மிதித்து விளக்கை அணைத்துவிட்டு எஸ்டேட் ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மிதித்தால் விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. என் பற்றவைப்புத்தான் விட்டுப்போச்சு என்று மறுபடி திறந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் பேட்டரியை எடுத்து, உன்னைப் போலவே நுனி நாக்கில் வைத்தேன். சுள்ளென்று இழுக்க வேண்டியது சப்பென்று இருந்தது. பெடலைப் பார்த்தேன். கிட்டார் ஒயர் இரண்டு நாளாக அதில் சொருகியபடியே கிடந்தது. ஒயர் சொருகியிருக்கும் வரைக்கும் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. விளக்கை அணைத்தால் பெட்டி தூங்கிவிடும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருக்கிறேன்.

அந்த ஈஸ்டர் காலை ஞாபகம் வந்தது. குருத்தோலை ஞாயிறு முடிந்ததும் உன்னிடமிருந்து இந்தப் பெடலை வாங்கிப் போய் வீட்டில் ஒரு நாள் வாசித்துப் பார்த்தேன். ஈஸ்டர் அன்று ஆராதனைக்கு மணியடிக்கும்போது, துண்டில் சுற்றி உன் கையில் கொடுத்தேன். நீ துண்டைப் பிரித்தாய். என் ஒயர் அதில் சொருகியபடியே இருந்தது. பிடுங்கி, அழகாகச் சுருட்டி என்னிடம் நீட்டினாய். வேறு பேட்டரி தேட நேரமில்லை. இரண்டாவது பாட்டில் நீ தனியாக வாசிக்க வேண்டிய இடத்தில் உன் பேஸ் செத்துப்போனது. சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

பாட்டுக் குழுவை நடத்துகிற சார் வந்து கேட்டார். "என்ற தப்புதானுங்க சார், பேட்டரி மாத்த மறந்துட்டேன்" என்றாய்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "குந்தா பவர் ஹவுஸ்ல இருந்து ஊருக்கே கரண்ட் அனுப்பறான், ஒரு பேட்டரி மாத்தத் தெரியல பாருங்க" என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அந்தக் கேலி உன் கல்யாணத்துக்கு வந்தது, ஜெனியின் ஞானஸ்நான விருந்துக்கு வந்தது, உன் ரிட்டையர்மென்ட் அன்றைக்கும் வந்தது. ஒவ்வொரு தடவையும் எடுத்துவிட்டவன் நான்தான்.

அந்த ஈஸ்டருக்கு அப்புறம்தான் நீ ஒவ்வொரு ப்ராக்டிஸ் முடிந்ததும் என்னிடம் மட்டும் கேட்க ஆரம்பித்தாய்: "டேய், ஒயரைப் புடுங்கிட்டியா?" நச்சரிக்கிறாய் என்று எரிச்சல்படுவேன். இதற்கு மேல் நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாமே, பாவி.

ஞாயிற்றுக்கிழமை ஜெனி வாசித்தாள். பெடல் ஒரு இடத்தில்கூட விட்டுப்போகாமல் உழைத்தது. ஸ்டெல்லா கண்ணைத் துடைக்கவே இல்லை, அப்படியே உட்கார்ந்து கேட்டார். ஜெபம் முடிந்து டீ குடிக்கும்போது பழைய ஆள் ஒருவர் பாசமாகத்தான் ஆரம்பித்தார்: "குந்தாக்காரருக்கு அன்னைக்கு ஒரு பேட்டரி…" எல்லாரும் சிரிக்கத் தயாரானார்கள்.

"இல்லைங்க," என்றேன். டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "அன்னைக்கு ஒயரைப் புடுங்காம பேட்டரியத் தீர்த்தது நானுங்க. அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் அவன் சொல்லல."

யாரும் சிரிக்கவில்லை. ஸ்டெல்லா மட்டும் மெதுவாகச் சொன்னார்: "எங்கூட்டுக்காரரு கல்யாணமான புதுசுலயே எனக்குச் சொல்லிட்டாருங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

வெளியே வந்து கேட் வரைக்கும் நடந்தவன், திரும்ப உள்ளே போனேன். ஜெனியின் கிட்டார் பக்கத்தில் பெடல் இருந்தது. ஒயர் அதில் சொருகியபடியே இருந்தது.

புடுங்கிட்டேன்டா.