நீ தூங்கிப்போன பத்தி

இன்று மதியம் அலுவலகப் புல்வெளியில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள். குளிர்காலம் வந்துவிட்டால் டெல்லியின் அரசாங்கம் மொத்தமும் வெயிலுக்கு வந்து உட்கார்ந்து ஆரஞ்சு தின்னும் என்பது உனக்குத் தெரியாததல்ல. அந்த வாசனை பட்டதும் எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. நீ போன பிறகு வந்த முதல் குளிர்காலத்தில் இந்தப் பக்கமே வராமல், மேஜையிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டு ஒப்பேற்றினேன். இந்த வருடம்தான் தைரியமாக வந்தேன். வந்திருக்க வேண்டாம்.

நீ திருநெல்வேலி, நான் கும்பகோணம். ஒரே செக்‌ஷனில் எதிரெதிர் மேஜை. நான் கதை எழுதுவது அலுவலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். உணவு இடைவேளையில் பிரின்ட் எடுத்த தாள்களை மடியில் போட்டுக்கொண்டு, சுளை சுளையாக வாயில் போட்டபடி வாசிப்பாய். நான் உன் முகத்தைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருப்பேன்.

"இது வரைக்கும் தின்னுக்கிட்டேதான் இருந்தேன். இந்த எடத்துல சுளை கையிலேயே இருந்துச்சுட்டி. பொறவு மறுபடி பசிச்சிருச்சு."

உன் விமர்சனம் இவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராத்திரியெல்லாம் கண்விழித்து எழுதினால் இவளுக்குப் பசிக்கிறதாம். ஆனால் வீட்டுக்குப் போய் உனக்குப் பசித்த பக்கங்களை எடுத்துப் பார்ப்பேன். அங்கேதான் நான் யாருக்காகவோ அலங்காரம் பண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.

ஒரு கதையில் டெல்லியிலேயே பிறந்த ஒரு குழந்தை, "நாளைக்கு பாட்டி ஊருக்குப் போயிட்டாங்க" என்று அழும். அதை நான் சேர்ந்திருக்கும் வாட்ஸப் இலக்கியக் குழுவில் போட்டபோது, 'நேற்று என்று திருத்தவும்' என்று ஒரு பெரியவர் எழுதினார். இன்னும் சிலர் அதை ஆமோதித்தார்கள். நீ மட்டும் அந்த வரியில் விரலை வைத்துச் சொன்னாய்.

"எங்க வீட்டுச் சின்னதும் இப்படித்தான் சொல்லும். இந்தில நேத்தும் 'கல்', நாளைக்கும் 'கல்'. பிள்ளைக்கு ரெண்டும் ஒண்ணுதான். இதத் திருத்துனேன்னா ஒன்கூடப் பேச மாட்டேன் பாத்துக்கோ."

நான் திருத்தவில்லை.

"எழுதுறது சரி, அதை ஏன் ஊருக்கெல்லாம் அனுப்பிட்டு போனையே பார்த்துண்டு உக்காந்திருக்கே?" என்று என் கணவர் கேட்பார். கிண்டல்தான், ஆனாலும் நியாயமான கேள்வி. பாராட்டுக்கு அலைகிறேன் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டதுண்டு. யோசித்தால் அது மட்டுமில்லை. எழுதும்போது எனக்கு எதுவுமே தெரிவதில்லை. நான் அழுத இடத்தில் இன்னொருவருக்குக் கொட்டாவி வரலாம். கதை காகிதத்தில் இருக்கிறதா, என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறதா என்று இன்னொரு ஆள் வாசித்துச் சொன்னால்தான் உண்டு. என் பெண்ணுக்குத் தமிழ் படிக்க வராது. "ஸ்டோரியை சொல்லிடேம்மா, ஜல்தி" என்பாள். அவள் மேல் தப்பில்லை.

நீ போனதைப் பற்றி ஒரு கதை எழுதினேன். ஆரம்பித்தபோது நோயோடாவது நீ இருந்தாய். போன வாரம் குழுவில் போட்டேன். நீளமாக இருந்ததால் இரண்டாக வெட்டி அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் கைகூப்புகளும் பூங்கொத்துகளும் வந்து குவிந்தன. 'அருமை', 'அருமை சகோதரி', 'முடிவு கண்கலங்க வைத்தது'. ஆசையாகத்தான் வாசித்தேன். பிறகுதான் பார்த்தேன், இரண்டாவது பாதி போகவே இல்லை. நெட்வொர்க் இல்லாமல் என் போனிலேயே நின்றிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ வந்து நிற்பதோடு கதை அறுந்து கிடக்கிறது. மீதி எங்கே என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. உன் சாவை அவர்கள் படிக்கவே இல்லை, அதற்குள் அழுது முடித்துவிட்டார்கள்.

யாரிடம் போய்ச் சொல்ல? இப்படி ஒரு கூத்து நடந்தால் உன்னிடம்தான் சொல்வேன்.

மீதியை இப்போதும் அனுப்பலாம். அதற்கும் 'அருமை' வரும். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அந்தப் பாதியில் நான் பதில் தெரியாமல் வைத்திருக்கும் ஒரு பத்தி இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் உனக்குப் போனைப் பிடிக்கக்கூடத் தெம்பில்லை. "நீயே வாசி, கேக்கேன்" என்றாய். உன்னைப் பற்றியது என்று சொல்லாமல், அதுவரை எழுதியிருந்ததை வாசித்தேன். கதையில் அவள், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லிச் சிரிக்கிற இடம். நிமிர்ந்து பார்த்தால் நீ கண்ணை மூடியிருந்தாய். நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாய்.

"தூங்கிட்டேன்னு கதைய மாத்திராத. அது மருந்து செஞ்ச வேலட்டி."

அதன் பிறகு உன்னிடம் வாசித்துக் காட்ட வாய்க்கவில்லை.

அந்தப் பத்தியை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்துவிட்டேன். ஒருநாள் அதுதான் கதையின் உயிர் என்று தோன்றுகிறது. மறுநாள் வெறும் அலங்காரம் என்று தோன்றுகிறது. நீ மருந்து என்று சொன்னாய், நானும் நம்பினேன். என் எழுத்து விஷயத்தில் நீ ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. ஆனால் அந்த ஒரு நாள், என் மூஞ்சியைப் பார்த்துப் பாவப்பட்டுச் சொல்லியிருப்பாயோ? அப்படியானால் கடைசியில் நீயும் எனக்கு 'அருமை' என்றுதான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். அதை வெட்டவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. உனக்குத் தூக்கம் வந்தது எதனால் என்று சொல்ல இனி யாருமில்லை.