பஸ்ஸில் போன அக்காவுக்கு

என் ஆசை அக்கா,

நீ போய் நாற்பது நாளாகிறது. உன் வீட்டு முருங்கை காய்த்துத் தள்ளுகிறது, பறிக்கத்தான் யாருக்கும் மனசில்லை. அத்தான் வேளாவேளைக்குச் சாப்பிடுவதாகச் சொல்கிறார். நான் நம்பவில்லை.

காரைப் பற்றித்தான் எழுத வந்தேன். பதினாலு இஞ்ச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பதினேழு இஞ்ச் அலாய் வீல் மாட்டினேனே, அந்தக் காரை. அரைச் சாணுக்கு மேல் இருந்த டயர் ரப்பர் நாலு விரலாகச் சுருங்கிவிட்டது. பார்க்க மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

கடைக்காரர் அப்போதே எச்சரித்தார். "டயரு மெலிசாப் போச்சுன்னா குழியெல்லாம் உள்ள தெரியும். வலிக்காரவுக யாரும் ஏறுவாகளான்னு யோசிச்சுக்கங்க." எங்கள் வீட்டில் யார் அப்படி என்று சிரித்தேன். வாரம் இரண்டு முறை உன்னைக் காரைக்குடிக்கு டயாலிசிஸுக்கு ஏற்றிப்போகிற நான்தான் சிரித்தேன், அக்கா.

புதுச் சக்கரத்துக்குக் கோவிலூரில் பூஜை போட்டபோது நாலு எலுமிச்சம்பழத்தையும் நீதான் சக்கரத்தடியில் வைத்தாய். ஒவ்வொரு தடவை குனியும்போதும் கதவைப் பிடித்துக்கொண்டாய். துடைத்த கதவில் கைரேகை படுகிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது.

இரண்டு வாரத்தில், இனி பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றாய். "பஸ்ஸுல போனா நாலு பேரப் பாக்கலாம்டா." எனக்குச் சுருக்கென்றது. தம்பி பவுசு காட்டுகிறான் என்று நினைக்கிறாய் போல என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நம் வீட்டு ஆட்களுக்கு அதுதானே வழக்கம்? ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டோம், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வோம். பள்ளத்தூர் பஸ் நிறுத்தத்தில் நீயும் அத்தானும் நிற்பதைப் பார்த்தும் நிறுத்தாமல் போனேன். இரண்டு தடவை. நீ கையாட்டினாய்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தானிடம் கேட்டேன், அக்காவுக்கு என் மேல் என்ன கோபம் என்று.

"கோவமா? அவளுக்கு எலும்பெல்லாம் வலுவத்துப் போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒங் காருல ஒவ்வொரு குழிக்கும் உசுரு போய் வந்துச்சு. தம்பிகிட்டச் சொல்லுவோம்னேன். 'சொன்னா அன்னைக்கே கழட்டிருவான். ஆசையாப் போட்டுருக்கான், விட்டுருங்க'ன்னுட்டா."

பஸ்ஸும்தானே குலுங்கும், அக்கா? அதில் வலித்தால் தம்பிக்குத் தெரியாது, அதுதானா?

பழைய சக்கரங்களையே மறுபடி மாட்டிவிட்டேன். தேவகோட்டை வரை ஓட்டிப் பார்த்தேன். மெத்தென்று போகிறது. அது தெரிந்ததும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதேன்.

ஒன்று மட்டும் சத்தியம். இனி யாராவது என்னோடு வரவில்லை என்றால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஏன் என்று கேட்பேன். சிரித்து மழுப்பினால் திரும்பவும் கேட்பேன்.

சொல்லியிருந்தால் அன்றைக்கே கழற்றியிருக்கக்கூடிய
உன் தம்பி
முத்து