ஐந்து நிமிட நடை

செவ்வாய்க்கிழமை

ஒரு மனிதருக்கு ஐந்து நிமிடம் போதுமா? எனக்குத் தெரியவில்லை. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் வழங்காமல் போனபின் என் கணவருக்கு நாளுக்கு ஆறு தரம் ஐந்து நிமிட நடை. போனில் நேரம் வைத்து, வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குள்ளேயே நடத்துகிறேன். மணி அடித்ததும் அடுத்த வேலைக்கு நேரம் வைப்பேன். சமையல், உடுப்பு, பள்ளிப் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்தல்.

இன்று மணி அடித்தும் அவர் என் கையை விடவில்லை.

"கொஞ்சம் இருந்து கதையுமன்."

"விடைத்தாள் கிடக்குது. பிறகு கதைப்பம்."

"அதுக்கும் ஒரு அஞ்சு நிமிசம் போட்டு வையும்," என்று சிரித்தார். நான் கையை விடுவித்துக்கொண்டு போனேன்.

புதன்கிழமை

போனைச் சமையலறையில் வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"நேரம் வைக்கேல்லையோ?"

"இல்லை."

இருவருக்கும் கதைக்க ஒன்றும் வரவில்லை. கடைசியில் அவர்தான், "எழும்பும், நடப்பம்," என்றார்.